கண்ணாடி மாதிரி ஒரு ஸ்கூட்டர்

வெளிநாட்டிலிருந்து ஸ்கூட்டரை இறக்குமதி செய்வதுகூடச் சுலபம். அதைப் பதிவு செய்யக் காகிதம் சேர்ப்பதுதான் உயிரை வாங்கியது. நாயாய் அலைந்து வாங்கிய சுங்க ரசீதையும் இன்சூரன்ஸையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் அதிகாரியின் மேசையில் வைத்தேன். இரண்டிலும் இருந்த சேஸிஸ் நம்பரை அவர் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்.

“எல்லாம் சரியா இருக்கும்மா. வண்டியில இருக்கிற நம்பரையும் பாத்துட்டா வேலை முடிஞ்சுது.”

வாசலில் ஸ்கூட்டர் பளபளத்தது. பீரோப் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் என் வீட்டுக்காரர், கப்பலில் வந்தபோது விழுந்த கீறல்களைத் தேய்த்து, புதுப் பெயின்ட் அடித்திருந்தார். பெண் பார்க்க வந்தவர்களுக்கு மகளைக் காட்டுவதுபோல் பக்கத்தில் நின்றார்.

அதிகாரி குனிந்து, சீட்டுக்கு அடியில் இருந்த இரும்புச் சட்டத்தின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். தாள் முழுக்கக் கறுத்தது. ஓர் எழுத்துகூட விழவில்லை.

“நம்பர் இங்கதானே பொறிச்சிருக்கணும்?”

வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

“அந்த இடமா சார்? கோழி கிளறின மாதிரி ஒரே பள்ளமா இருந்துச்சு. மெஷின் வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கையே விட்டுப்போச்சு. இப்ப தடவிப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்!”



அதிகாரி காகிதக் கட்டை என் கையில் திருப்பி வைத்தார்.

“காகிதமெல்லாம் பத்திரமா வச்சுக்கோங்கம்மா. இதுக்கான வண்டி எங்கன்னுதான் தெரியல.”