பூச்சு ஒட்டாத மூன்று இடங்கள்

மகள் இறந்த ஏழாவது மாதம் சூளையைத் திறந்தபோது, உள்ளே இருந்த நாற்பத்திரண்டு கிண்ணங்களில் முப்பத்தெட்டில் அவளுடைய விரல் தடங்கள் இருந்தன. கிண்ணத்துக்கு மூன்று தடங்கள். அந்த மூன்று இடங்களில் மட்டும் பூச்சு ஒட்டாமல் சுட்ட மண்ணின் செம்பழுப்பு தெரிந்தது. சுற்றிலும் நீலப்பச்சை வழக்கம்போல உருகி வழவழவென்று படிந்திருந்தது. ஒன்பது வயதுக் குழந்தையின் விரல்கள். மோதிர விரலின் நுனி சற்று வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது; ஐந்து வயதில் குளியலறைக் கதவிடுக்கில் நசுங்கிய விரல் அது. தாய் முதல் கிண்ணத்தைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இரண்டாவதையும் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் பலகையில் வரிசையாக அடுக்கிவிட்டு, கணவருக்குச் சாப்பாடு போடப் போனாள். அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் சொன்னாள்.

"ஏங்க, ஒரு நிமிஷம் வந்து பாருங்க. அவ கை வச்சிருக்கா."

அந்த வீட்டில் வேலை முதலிலிருந்தே பிரிந்து கிடந்தது. பாத்திரம் வனையும் சக்கரம் மனைவியுடையது, பூச்சு வாளி கணவருடையது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை அவள் வாளியில் கை வைத்தாள். ஒரு குடுவையைப் பாழாக்கினாள். அவர் சிரித்த சிரிப்பில் அதோடு அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். பூச்சு வேலை பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். ஒரு முறை சுட்டு எடுத்த பாத்திரத்தை, நீர்த்த மோர் பதத்தில் சாம்பல் நிறமாக இருக்கும் கரைசலில் முக்கி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சுட்ட மண் தாகமாக இருக்கும். தொட்ட மாத்திரத்தில் குடிக்கத் தொடங்கிவிடும். பாதியில் கை தயங்கினால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும். சீக்கிரம் எடுத்தால் மேல் ஒட்டாது. அதிக நேரம் வைத்திருந்தால் தடித்துப்போய், இரண்டாவது சூட்டில் வழிந்து, பாத்திரத்தைச் சூளைத் தட்டோடு ஒட்டவைத்துவிடும். மூன்று விநாடி. மற்றவர்கள் மனதுக்குள் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவார்கள். அவர் எண்ணியதில்லை. கிண்ணத்தை முக்கும்போதே, "சுண்டெலி, எங்கடி இருக்க?" என்று மகளுக்குக் குரல் கொடுப்பார். வீட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து, மாடிப்படியிலிருந்து, "இங்கதான்ப்பா!" என்று பதில் வரும். பதில் வந்ததும் கிண்ணத்தை எடுப்பார். கேள்வியும் பதிலும் சேர்ந்தால் சரியாக மூன்று விநாடி. நாற்பது கிண்ணம் என்றால் நாற்பது முறை. சலிப்பாக இருக்கும் நாட்களில் மகள், "செத்துட்டேன்ப்பா!" என்பாள். அதுவும் அதே அளவுதான்.

மூன்று நாள் காய்ச்சலில் அவள் போனாள். மூன்று மாதம் சூளை குளிர்ந்து கிடந்தது. நான்காவது மாதம் அவர் வாளிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, கலக்கி, முதல் கிண்ணத்தை முக்கினார். வாயைத் திறந்து கேட்கவில்லை. ஆனாலும் பதிலுக்காகக் காத்திருந்தார். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அப்படியே காத்திருந்தார். சக்கரத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு அது தெரிந்தது. அந்தச் சூளையில் ஒரு கிண்ணம்கூடத் தேறவில்லை. எல்லாம் வழிந்து, தட்டுகளோடு தட்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. உளியால் தட்டிப் பெயர்த்ததில் தட்டுகளும் உடைந்தன. அதன் பிறகு அவர் வாளியைத் தொடவில்லை. மண் பிசைந்தார், பலகை சுமந்தார், கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். வாளி இருக்கும் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. ஆக அவள் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

கற்றுக்கொடுக்க ஆளில்லை. அவரிடம் கேட்க மனம் வரவில்லை. எண்ணிப் பார்த்தாள், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒவ்வொரு முறையும் எதிலோ தடுக்கி விழுந்தாள். முக்கியதை எடுத்து மறுபடி முக்கினாள். விரல் பிடித்த இடங்களில் தூரிகையால் பூச்சைத் தொட்டு வைத்தாள். அது போதுமா என்று சந்தேகப்பட்டு இன்னொரு முறை தொட்டு வைத்தாள். ஏழாவது மாதம் சூளையில் வைத்த நாற்பத்திரண்டிலும் அவள் தெரிந்தே விட்ட குறைகள் ஆயிரம். அவள் விடாத குறை அந்த மூன்று விரல்கள்தான். உள்ளே அடுக்கும்போது அவை இல்லை. சூட்டில் வந்திருந்தன. அதுவும் அவள் பிடித்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், ஒரு கிண்ணத்தை இரண்டு பேர் சேர்ந்து பிடித்தது மாதிரி.

கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். "குழந்தைய வேலை நடக்கற எடத்துல விடாதீங்கம்மா. பாருங்க, கை வச்சிருச்சு," என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. தெரிந்த பிறகு வாங்கி அடுக்கினார். வாங்கிப் போனவர்களும் குறை சொல்லவில்லை. நாத்தனார் மட்டும் விடுமுறைக்கு வந்தபோது ஒரு கிண்ணத்தை எடுத்து, தன் விரல்களைத் தடங்களின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, உரிமையோடு கோபித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி, விரலெல்லாம் இப்படிக் குச்சியா கிடக்கு? வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லக் கூடாதா?"

"நான் சொன்னா எங்க கேக்கறா? அத்தைதானே நீ, நீயே சொல்லிப் பாரு."

நாத்தனார் எழுந்து போய், சூளையின் வாயில் தலையை விட்டு, அதட்டலாகச் சொல்லிவிட்டு வந்தாள். வெளியே வரும்போது முகமெல்லாம் சாம்பல். அதைத் துடைக்கிற சாக்கில் வெகுநேரம் புடவைத் தலைப்பிலேயே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த சூளையில் விரல்கள் கொஞ்சம் சதை போட்டிருந்தன.

அப்படித்தான் விரல்கள் வளர்கின்றன என்பது வீட்டில் தெரிந்தது. பத்து வயதில் தடங்கள் ஒரு நெல் அளவு நீண்டன. பன்னிரண்டில் நடுவிரலின் பக்கத்தில் பேனா பிடிக்கிற காய்ப்பு தெரிந்தது. பதின்மூன்றில் நகங்கள் கத்தி மாதிரி வளர்ந்திருந்தன. தாய் வாளிக்கு முன்னால் உட்கார்ந்து, "மொதல்ல அந்த நகத்த வெட்டுடி," என்று சொல்லிவிட்டாள். தொடர்ந்து நான்கு சூளைகளில் ஒரு தடமும் இல்லை. "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ?" என்று கடிந்துகொண்ட கணவர் அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை. ஐந்தாவது சூளையில் விரல்கள் திரும்பி வந்தன. நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன, வேண்டுமென்றே சதையோடு.

ஒவ்வொரு சூளைக்கும் ஒரு கிண்ணத்தைக் கணவர் எடுத்து வைத்துக்கொண்டார். அவருடைய அலமாரியில் அவை வயது வாரியாக நின்றன. சாயங்காலங்களில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தடங்களைத் தடவியபடி இருப்பார். அவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். முதல் சூளையிலேயே தெரிந்துவிட்டது. தடம் விழாத அந்த நான்கு கிண்ணங்கள், அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு, வேறு நினைப்பே இல்லாமல் சரசரவென்று முக்கி எடுத்தவை. கை தடுமாறிய கிண்ணங்களைத்தான் மகள் பிடித்திருந்தாள். தடுமாறாதவற்றை அவள் தொடவில்லை.

கையோ யாரைக் கேட்டும் பழகுவதில்லை. இரண்டாம் ஆண்டில் நாற்பத்திரண்டில் முப்பது கிண்ணங்களில் தடம். ஐந்தாம் ஆண்டில் பதினெட்டு. வாளியின் மேல் குனியும்போதே கரைசலின் பதம் அவளுக்குத் தெரிந்தது, மணிக்கட்டு தானாகத் திரும்பியது, எண்ணிக்கை தேவைப்படவில்லை. பூச்சு ஒரே சீராகப் படிந்தது. கடைக்காரர், "இப்பத்தாம்மா உங்க கை நின்னிருக்கு," என்று பாராட்டிய அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். வேண்டுமென்றே தடுமாறிப் பார்த்தாள். இடது கையால் முக்கினாள், கண்ணை மூடிக்கொண்டு முக்கினாள், பாதியில் நிறுத்தினாள். கோடும் வழிசலும் விழுந்தன, விரல் விழவில்லை. பயத்தை நடிக்க முடியவில்லை. தன் மகள் எப்போதுமே பொய்யை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவள் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்பதாம் ஆண்டில் ஐந்து. பதினோராம் ஆண்டின் முதல் சூளையில் ஒன்றே ஒன்று. அந்தத் தடங்களின் மேல் தாய் தன் விரல்களை வைத்தாள். மகளுடைய விரல்கள் அவளுடையதைவிட நீளமாக இருந்தன.

அடுத்த சூளையில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கணவர் இதை இன்னொரு கோபம் என்று நினைத்து, "என்ன சொல்லித் தொலைச்ச இந்த தடவ?" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலைங்க," என்றாள் அவள். "எனக்குக் கை பழகிடுச்சு."

"பழகினா நல்லதுதானே?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பதினொரு வருடமாக மனசுக்குள் வைத்திருந்ததைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இரண்டு நாள் கழித்து ஒரு காலை, பதினொரு வருடத்துக்குப் பிறகு, வாளிக்கு முன்னால் போய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாளியின் அடியில் தங்கிய வண்டலைக் கையாலேயே துழாவிக் கலக்கினார். அவருடைய கை நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் சக்கரத்தில் இருந்த அவளுக்கு உடம்பு முழுவதும் ஆசை பரவியது. இந்தக் கைக்கு மகள் வருவாள். கட்டாயம் வருவாள்.

அவர் கிண்ணத்தை முக்கினார். "சுண்டெலி, எங்கடி இருக்க?" என்றார். குரல் உடைந்து, கேள்வி பாதியில் காற்றாகிப் போனது.

மனைவி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவர் காத்திருப்பார், பூச்சு தடிக்கும், கிண்ணம் கெடும், கெட்ட கிண்ணத்தில் விரல்கள் வரும். ஒரு விநாடி அப்படித்தான் இருந்தாள். கேள்வி முடிந்த இடத்தில் அவருடைய தலை லேசாகச் சாய்ந்து, காது மாடிப்படியின் பக்கம் திரும்பியது. மூடிய கதவுக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி இருந்தார். நாளைக்கும் நாற்பத்திரண்டு முறை இப்படி நிற்பார், அதற்கு மறுநாளும். அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இங்கதான்ப்பா," என்றாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கிண்ணத்தை எடுத்தார். சாய்த்து வடித்தார். அடிவளையத்தை ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் வைத்தார். அடுத்ததை எடுத்தார், கேட்டார். நாற்பத்திரண்டு முறையும் அவள் பதில் சொன்னாள். கடைசிப் பத்துக்கு அவர் கை நடுங்கவில்லை.

சூளையைத் திறந்தபோது அந்த வீட்டில் அதுவரை வந்ததிலேயே நல்ல நீலப்பச்சை வந்திருந்தது. அவர் ஒவ்வொரு கிண்ணமாகச் சன்னலுக்கு எடுத்துப் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு தடமும் இல்லை. கடைசிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "இருபது வயசாகுதுல்ல," என்றார். "இன்னுமா நம்ம கையப் பிடிச்சுக்கிட்டு நிப்பா?" அவள் சரிதான் என்று தலையாட்டிவிட்டு, அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அதன் பிறகு வாளி மறுபடி அவருடையதாயிற்று, சக்கரம் அவளுடையது. அவர் கேட்டார், அவள் சொன்னாள். வெளிச் சுவரை ஒட்டிப் போகிறவர்கள் அந்த வீட்டில் ஒரு மகள் இருப்பதாகவே நினைத்தார்கள். கணக்கெடுப்புக்கு வந்த அலுவலர் வாசலில் நின்று கேட்டுவிட்டு மூன்று பேர் என்று எழுதிக்கொண்டு போனார், இருவரும் திருத்தவில்லை. அந்த மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டை கட்டி நான்கு நாள் குரலே எழும்பவில்லை. முதல் நாள் அவர் கிண்ணத்தை முக்கிக் கேட்டபோது, அவள் சக்கரத்தை விட்டுப் பயந்துபோய் எழுந்து நின்றாள். அவர் சரியாக மூன்று விநாடியில் கிண்ணத்தை எடுத்தார். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், மழை மட்டும்தான். அவர் அடுத்ததை முக்கினார், கேட்டார், லேசாகச் சிரித்தார், எடுத்தார். பத்துக் கிண்ணம் வரை அப்படியே நின்றுகொண்டிருந்தாள். விரல்கள் தனக்கு வந்தன, குரல் அவருக்கு வருகிறது என்று நினைத்தாள். பிறகு உட்கார்ந்து, கையை நனைத்து, சக்கரத்தின் நடுவில் அடுத்த உருண்டையை வைத்தாள்.