பிறந்த வீட்டுக் கோடி

செத்துக்கிடந்த அம்மா தங்கத்தாயின் கால் பெருவிரல்களைச் சேர்த்துச் சீனித்தாய் துணிக்கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் பெரியப்பா செந்தூர்பாண்டி டவாலியை மாட்டிக்கொண்டிருந்தார்.

தூத்துக்குடித் துறைமுக ஆபீஸில் சேவகராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கார் கொடுத்த சிவப்புப் பட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டதும், அதே மாதிரி ஒன்றைச் சொந்தச் செலவில் தைத்துக்கொண்டார். கல்யாணம், சடங்கு, சாவு எதற்கும் அது இல்லாமல் வருவதில்லை. வெள்ளைக்காரன் மூட்டை கட்டப்போகிறான் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்ட 1946 அது. டவாலிக்கு அப்படி ஓர் உத்தேசமும் இல்லை.

“வெயிலுக்கு முன்னாடி எடுத்திரணும். இன்னும் யாருக்குக் காத்துக் கெடக்கணும்?” என்றார்.

“பொறந்த வீட்டுக் கோடி வரணும் பெரியப்பா.”

அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையைக் கொஞ்சம் நிறுத்திக் காதைக் கொடுத்தார்கள். பெண் செத்தால் அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது விழாமல் பாடை எழுந்தால், நாதியற்றவள் என்று அர்த்தம்.

பெரியப்பா சிரித்தார். “ஊருபேரு தெரியாம வந்து எறங்குனவளுக்குப் பொறந்த வீடா? ஏளா, ஆள எங்க அனுப்ப? கடலுக்கா?”

இது அவருடைய பழைய தமாஷ். காலஞ்சென்ற தம்பி சொரிமுத்து தங்கத்தாயைக் கட்டிய நாளிலிருந்து சொல்லிவருகிறார். தங்கத்தாயை நடை பழகிய வயதில் அப்பனும் ஆத்தாளும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். காய்ச்சல் இருவரையும் அங்கேயே வைத்துக்கொண்டது. லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், அக்கம்பக்கத்தார் அவளை வளர்த்தார்கள். வளர்ந்த பெண்ணாக, யாரோ திரும்பி வந்தவர்களோடு இந்தக் கரையில் இறங்கினாள். அப்பன் எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது. மைத்துனர் சொல்லும்போதெல்லாம் அவளும் சேர்ந்து சிரிப்பாள். பிறகு அடுப்படியில் மகளிடம் சொல்லுவாள்: “நான் போகும்போது எங்க வீட்டுத் துணி ஒண்ணு மேல விழணும்ளா. வேற ஒண்ணும் வேண்டாம்.”

அதற்காகத்தான் போன வருஷம் தாயும் மகளும் முகாமுக்குப் போனார்கள். இலங்கைக்குப் போகும் கூலிகளை நிறுத்திவைத்து, குளிப்பாட்டி, அம்மை குத்தி, பேரெழுதிக் கப்பலேற்றிய முகாம். எழுத்தர் எபனேசர் நல்ல மனிதர். தும்மித் தும்மிப் பழைய பதிவுகளைப் புரட்டி, அப்பன் பேரைக் கண்டுபிடித்துவிட்டு, சிரிக்க ஆரம்பித்தார்.

ஆளுக்கோர் ஊரும் ஆளுக்கோர் அப்பனும் சொல்லிக்கொண்டிருந்தால் கப்பல் போய்விடும் என்று, ஆள் பிடித்த கங்காணி வேலையைச் சுருக்கியிருந்தான். சந்தையில் பிடித்த ஆட்கள் என்பதால் எல்லாருக்கும் ஊர் ஏரல். எல்லாருக்கும் தகப்பன், கங்காணியின் சொந்தத் தகப்பன் மாடசாமி.

“இந்தப் பக்கம் பூரா ஒங்கப்பா கூடப் பொறந்தவங்கதாம்மா,” என்றார் எபனேசர். “மாடசாமி சாமானியப்பட்டவரு இல்ல.”

தங்கத்தாய்க்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. ஆனாலும் நகல் எழுதி முத்திரை போட்டு வாங்கிக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரு பேர் இருந்தது: இருளப்பன். அவர் மகன் தோட்டத்திலிருந்து திரும்பி, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து பவுல் ஆகி, துறைமுகத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். அன்று சாயங்காலமே துறைமுக வாசலில் போய் நின்றாள்.

“சர்க்கார் கணக்குப்படி ஒங்கப்பாவும் எங்கப்பாவும் கூடப்பொறந்தவங்க. நீரு எனக்கு அண்ணன்.”

“அப்ப இத்தன வருசமா அண்ணன் குடுக்காத பொங்கப்படி பாக்கிக்கா சண்டைக்கு வந்திருக்க?” என்றார் பவுல்.

அதோடு சரி. தெருவில் பார்த்தால் ‘அண்ணாச்சி’, ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொள்வார்கள். இன்று விடியும்போது சீனித்தாய் பவுலுக்குச் சொல்லியனுப்பியிருந்தாள். விளையாட்டுக்கு வந்த உறவு சாவுக்கு வருமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெயில் ஏறியது. மூங்கில் வந்தது. பெரியப்பா வாசலில் நின்று, பாடை கட்டத் தெரிந்தவர்களுக்குப் பாடை கட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது பவுல் வந்தார். பின்னால் மனைவி அற்புதமணி, கையில் மடித்த சேலை.

பெரியப்பா குறுக்கே நின்றார். “நீரு யாருவே?”

“அண்ணன்.”

“எந்த வழியில?”

“மாடசாமி வழியில.”

“வே, நீரு வேதக்காரன். என்ன ஆளுன்னு ஊருக்கே தெரியும். எங்க வீட்டுப் பொம்பளைக்குக் கோடி போட வந்துட்டீராக்கும்!”

சீனித்தாய் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, நகலை எடுத்துவந்து பெரியப்பா கையில் கொடுத்து, கங்காணி சொல்லிப் பதிவான உறவைச் சொன்னாள். வாழ்நாள் முழுக்க மேஜைக்கு மேஜை காகிதம் சுமந்தவர். ஒன்றையும் வாசித்ததில்லை, வாசிக்கத் தெரியாது. ஆனால் முத்திரையைத் தடவியே அறிவார். கட்டைவிரல் அதன் மேல் போய் நின்றது. முதுகு தானாக நிமிர்ந்தது.

“கங்காணி பொய் சொல்லியிருப்பான்ளா,” என்றார், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

“எழுதுனது சர்க்கார்லா? சர்க்கார் பொய் எழுதுமா பெரியப்பா?”

பெரியப்பா மார்பில் கிடந்த பட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு, துரை வரும்போது ஒதுங்குவதுபோல் சுவரோடு ஒதுங்கினார்.

துணி ரேஷன் கார்டுக்குத்தான் கிடைத்த காலம். மாதா கோயில் திருநாளுக்கென்று அற்புதமணி வாங்கிவைத்திருந்த வெள்ளைச் சேலை. இன்னும் நனைக்கவில்லை, ஓரத்தில் கண்ட்ரோல் விலை நீல மையில் குத்தியிருந்தது. பவுல் அதை வாங்கிக்கொண்டு உடலருகே போனார். பழக்கத்தில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டவர், பெண்கள் பார்ப்பதைக் கண்டு திகைத்து நின்றார்.

“எப்படிப் போர்த்தணும்னு தெரியலையே மருமவளே.”

அவர் அவளை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. சீனித்தாய் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். சேலை விரிந்தது. எல்லாரும் விலகிய பிறகும் பவுல் கால்மாட்டில் குனிந்தபடியே இருந்தார். கட்டிய விரல்கள் வெளியே தெரிந்தன. துணியை இழுத்து அவற்றை மூடினார்.

“லயத்துல எங்களுக்குக் கம்பளி ஒண்ணுதான்,” என்றார், யாரிடமும் இல்லாமல். “நான் இழுத்துக்கிடுவேன். இவ காலு எப்பவும் வெளியதான் கெடக்கும்.”

சாவுக் குலவை எழுந்தது. பாடையைத் தூக்கினார்கள். பெண்களோடு தெருமுனையில் நின்ற சீனித்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். மூங்கில் ஓரமாகச் சேலை நுனி நழுவி, நீல முத்திரை கடற்காற்றில் படபடத்தது. பெரியப்பா எட்டி நடந்துபோய், இடுப்பில் வந்து இடித்த டவாலியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, மறுகையால் நுனியை உள்ளே செருகினார்.

தெரு திரும்புவதற்குள் அது மறுபடியும் வெளியே வந்துவிட்டது.