தேக்குத் தரையும் எட்டுக் குடம் தண்ணீரும்

மோகனூரில் கரும்பு விவசாயம் செய்யும் செங்கோட்டையன், தன் வீட்டுக் கூடத்துக்கு அசல் தேக்கில் தரை போட்டிருப்பதாகத் தரகரிடம் சொல்லியிருந்தார். மகள் பொன்னாயியைத் தன் பையனுக்குக் கேட்டு வரப்போகிறவர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் அப்புசாமி. மரத்தோடு மாரடிக்கிற மனிதரே மலைத்துப்போய்ச் சம்பந்தத்தை முடித்துவிடுவார் என்பது செங்கோட்டையனின் நினைப்பு.

சேலத்து ஆசாரி கந்தன் போட்டுக்கொடுத்த தரை பார்வைக்குத் தேக்கேதான். தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது என்று மூன்று தடவை எச்சரித்துவிட்டுப் போனார். அதை மனைவி சென்னியம்மாளிடம் சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் தேக்கு இல்லை என்பது வெளியாகிவிடும். செங்கோட்டையன் வாயைத் திறக்கவில்லை.

அப்புசாமி வருவதாகச் சொன்னது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவிவிடாமல் சென்னியம்மாள் அடுப்புப் பற்றவைத்ததே கிடையாது. பழம் வாங்கக் கணவர் விடியலில் கிளம்பிப் போனதும், எட்டுக் குடம் தண்ணீரைக் கொட்டித் தேய்த்துத் தள்ளினாள்.

ஒன்பது மணிக்கு அவர் வாழைப்பழச் சீப்போடு திரும்பியபோது, கூடத்துத் தரை அங்கங்கே உப்பி, பணியாரக்கல்லைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. மனைவியைத் திட்டக்கூட நேரமில்லை. வாசலில் கார் நின்றுவிட்டது. இரண்டு ஜமக்காளத்தை விரித்து மூடினார்.

அப்புசாமி உட்கார்ந்து, காபி டம்ளரைக் கீழே வைத்தார். அது மெல்ல நகர்ந்து, செங்கோட்டையன் மடியில் போய்க் கவிழ்ந்தது. அப்புசாமி ஜமக்காளத்தை ஒதுக்கினார். எழும்பி நின்ற ஓர் ஓரத்தை நகத்தால் உரித்தார்.

"மேல பளபளன்னு ஒரு பூச்சு. அடுத்தது தேக்கு மாதிரி படம் அடிச்ச காகிதம். அதுக்கடியில பழுப்புக் காகிதம் ஏழெட்டு, பசையில ஊற வெச்சு அழுத்துனது" என்றவர், அடிப்பலகையைக் கிள்ளி முகர்ந்தார். "இது கரும்புச் சக்கைங்க."

சமையலறை வாசலில் நின்ற சென்னியம்மாள் கணவரைப் பார்த்தாள். "ஏனுங்க, தேக்குன்னு சொன்னீங்க?"

செங்கோட்டையன் தலை குனிந்துகொண்டார். "சக்கைதானுங்க. நம்ம காட்டுக் கரும்பாக்கூட இருக்கும்."

சம்பந்தம் போயிற்று என்று அவர் வாழைப்பழச் சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்புசாமி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தேக்குல நடந்து பழகுன புள்ள, எங்கூட்டுச் சிமிட்டித் தரையில காலு வெக்குமான்னு வழியெல்லாம் ரோசனை பண்ணிட்டே வந்தனுங்க. இப்பத்தான் மனசு ஆறுச்சு. வெத்தலையைக் கொண்டாங்க சம்பந்தி."

வெற்றிலை கைமாறியது. பொன்னாயி மறுபடி காபி கொண்டுவந்தாள். இந்தத் தடவை அப்புசாமி டம்ளரைக் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"சீருக்குக் கட்டில் செய்யறதாத் தரகர் சொன்னாரு. அது என்ன மரமுங்க?"

செங்கோட்டையன் வாயைத் திறக்குமுன் பதில் சென்னியம்மாளிடமிருந்து வந்தது.

"வரட்டுங்க. கழுவிப் பாத்துட்டு நாஞ் சொல்றேன்."