தயிர்ப்பெட்டிக்குள் ஒரு துரோகி

வீரபாண்டி தன் சர்க்யூட்டைத் தவிர வேறு யாரையும் எளிதில் நம்பமாட்டான். கரமனையில் ஒரு மாடி அறையில் அவனும் உள்ளூர் மலையாளி ஸ்ரீகுமாரும் கூட்டாக ஒரு தயிர்ப்பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். பால் உறைகிற சூட்டில் பெட்டியைப் பிடித்து நிறுத்தும் தெர்மோஸ்டாட் வீரபாண்டியின் டிசைன். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் போர்டில் ஒரு சின்னத் திருகு. அதைத் தொடும் உரிமை அவனுக்கு மட்டும். பால் ஊற்றி, பார்த்து, போனில் சொல்வது ஸ்ரீகுமார். வெள்ளிக்கிழமை கடைக்காரர் வருவார். தயிர் உறைந்திருந்தால் ஆர்டர். இல்லையென்றால் கூட்டு முடிந்தது, ஆளுக்கொரு பஸ்.

போனில் ஸ்ரீகுமார், "அண்ணா, சூடு கொறச்சு..." என்று தொடங்குவான். நாங்குநேரியிலிருந்து புதிதாக வந்த வீரபாண்டிக்குப் பாதிப் பேச்சே போதும். "சரிடே, கொறச்சிருதேன்" என்று வைத்துவிடுவான். மாலையில் வந்து திருகை இடப்பக்கம் திருப்புவான். மறுநாள் பால் இன்னும் தண்ணியாக இருக்கும். மறுபடி போன், மறுபடி "கொறச்சு".

சொன்னபடி குறைத்தும் உறையவில்லையா? அப்படியானால் இந்தப் பயல்தான் திருகில் கைவைக்கிறான். மாடிப்படியில் நின்று யாரோடோ குசுகுசுவென்று பேசுகிறான். டிசைனை விற்கப் பார்க்கிறான். வீரபாண்டி மனைவி பிரேமாவின் நகப்பூச்சை எடுத்துவந்து திருகின்மேல் ஒரு பொட்டு வைத்தான். திருகை யாராவது அசைத்தால் பொட்டு உடையும். நகப்பூச்சு எந்த நகத்துக்கு என்று பிரேமா அவனையே முறைத்தது வேறு வழக்கு.

வெள்ளி காலை பொட்டு அப்படியே இருந்தது. பாலும் அப்படியே இருந்தது.

"ஏலே, வேணும்னே தப்பாச் சொல்லுதியா?"

"அண்ணா, கொறச்சு கூட்டணும்னு எத்ர தவண பறஞ்ஞு!"

"குறைக்கவா, கூட்டவா? ஒண்ணச் சொல்லித் தொலைடே!"

கத்தியதில் வீரபாண்டிக்கு இருமல் வந்தது. ஸ்ரீகுமார் பாட்டிலை எடுத்தான். "கொறச்சு வெள்ளம் குடிச்சோ, அண்ணா." டம்ளரில் இரண்டு மடக்கு மட்டும் ஊற்றி நீட்டினான்.

வீரபாண்டி டம்ளரையே பார்த்தான். வெள்ளம் என்றால் தண்ணீர், அது தெரியும். அப்போ கொறச்சு?

"கொஞ்சமா?"

"பின்னே?"

கொஞ்சம் கூட்டச் சொன்னவனுக்கு வாரம் முழுக்கக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறான். திருகை வலப்பக்கம் திருப்பினான். சிவப்புப் பொட்டு உதிர்ந்தது.

"இது எந்தா?"

வீரபாண்டிக்குப் பொய் சொல்ல நாலு வழி தோன்றியது. "உன்னச் சந்தேகப்பட்டேன்டே."

ஸ்ரீகுமார் தன் போனை நீட்டினான். அதில் வரிசையாகத் திருகின் போட்டோக்கள். "ஞானும்தான். அண்ணன் வேணும்னே கெடுக்குதுன்னு நினைச்சு."

மாலை கடைக்காரர் பெட்டியிலிருந்த தயிர்க்கிண்ணத்தை எடுத்து அப்படியே தலைகீழாகப் பிடித்தார். வீரபாண்டி கண்ணை மூடிக்கொண்டான். தரையில் எதுவும் விழவில்லை.

"நல்ல கட்டி. இருபது பெட்டி போட்டுக் கொடுங்க" என்றார் அவர்.

ஸ்ரீகுமார் வீரபாண்டியின் காதருகே குனிந்தான். "அண்ணா, இனி நமக்குள்ள டிகிரி மட்டும் மதி. பாஷை வேண்டா."