பகலில் தூங்கும் மலை

எங்கள் வீட்டில் பகலில் குக்கர் விசில் அடிக்காது. அடிக்கப் போகிறது என்று தெரிந்தால் அம்மாவோ நானோ பாய்ந்துபோய் அடுப்பை அணைத்துவிடுவோம். நாற்காலியை இழுக்க மாட்டோம், தூக்கித்தான் வைப்போம். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வோம். டிவியில் ஆட்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். யார் யாரை எதற்காகத் திட்டுகிறார்கள் என்பதை நாமாக யூகித்துக்கொள்ள வேண்டியதுதான். பல நேரம் என் கதை அவர்கள் கதையைவிட நன்றாகவே இருக்கும்.

காரணம் அப்பா. ஹோட்டல்களிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாகத் துவைத்து, இஸ்திரி போட்டு, விடிவதற்குள் திருப்பி அனுப்புகிற பெரிய சலவைக்கூடம் ஒன்றில் அவருக்கு இரவு வேலை. நான் பள்ளிக்கூடத்துக்குப் படி இறங்கும்போது அவர் படி ஏறி வருவார். நான் திரும்பி வரும்போது அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிக்கொண்டிருப்பார். அம்மா துணிக்கடையில் நாள் முழுக்க நின்று துணி விரித்துக் காட்டுகிறவள். இருட்டின பிறகுதான் வருவாள். ஒருவர் விரிப்பை மடிக்கிறார், ஒருத்தி துணியை விரிக்கிறாள், நடுவில் நான் மூச்சுக்காட்டாமல் வளர்ந்தேன்.

இப்படி ஒரு வீட்டில் ஒரு பெண் என்னதான் செய்வாள்? பாட முடியாது, ஆட முடியாது, தோழிகளைக் கூப்பிட முடியாது. எனக்கு ஒரே தோழி. அவளுக்கு லவுட்ஸ்பீக்கர் என்று நான்தான் பெயர் வைத்தேன். ரகசியம் சொன்னால்கூட எதிர்வீட்டுக்குக் கேட்கும். அவளை மாடிப்படியோடு அனுப்பிவிடுவேன். சத்தம் போடாத ஒரே சாமான் பென்சில்தான். அதனால் வரைந்தேன். பிறவித் திறமை, கைராசி என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. வாயைத் திறக்கக் கூடாது என்றால் கை தானாக வேலை தேடிக்கொள்ளும். கால் சத்தமே இல்லாமல் நடப்பேன் என்பதால் அப்பா என்னைப் 'பூனை' என்றுதான் கூப்பிடுவார்.

இது எனக்குப் பள்ளியில் கடைசி வருடம். ஓவியப் பாடம் எடுத்தவர்கள் ஆண்டு முடிவில் ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து செய்தவற்றில் நல்லதாகப் பொறுக்கி, வரிசையாக மாட்டி, பக்கத்தில் நின்று, இதில் இதைக் கற்றுக்கொண்டேன், அதில் அதைக் கற்றுக்கொண்டேன் என்று வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும். மார்க் அதற்குத்தான். டிராயிங் மிஸ் எங்கள் வேலைகளையெல்லாம் அலமாரியில் கட்டிக்காத்து வைத்திருந்தார். முந்தின நாள் மதியம் எடுத்துக் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது ஓரத்துப் பலகை.

முதலில் மலையை மாட்டினேன். ஆறாம் வகுப்பில் 'இயற்கைக் காட்சி' வரையச் சொன்னார்கள். நான் மலையைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் என் மலை நீல நிறத்தில், ஒரு தோள், ஒரு இடுப்பு என்று ஏறி இறங்கி, பார்க்க நன்றாகவே இருந்தது. வெளிச்சம் ஒரு பக்கம் விழுந்தால் மறுபக்கம் இருட்டாகும் என்று அதில்தான் கண்டுபிடித்தேன். அடுத்தது களிமண்ணில் ஒரு கை. கட்டிலுக்கு வெளியே தொங்குகிற மாதிரி. விரல்கள் முதலில் முருங்கைக்காய் போல வந்தன. மூட்டு எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துச் செய்ததும்தான் கை கையானது. பிறகு கம்பியை வளைத்து ஒரு பாதம். ஒரே கம்பி, எங்கும் வெட்டக் கூடாது. தப்பு செய்தால் அழிக்க முடியாது, அந்தத் தப்பையும் சேர்த்துக்கொண்டு மேலே போக வேண்டும். அதற்கடுத்து கரித்துண்டால் ஒரு முதுகு. அதில்தான் எல்லாவற்றையும் வரையாமல் பாதியை விட்டுவைக்கத் துணிந்தேன். பதினோராம் வகுப்பில் நீர்வண்ணத்தில் ஒரு முகம். மூடிய கண், திறந்த வாய், வாயோரத்தில் மெல்லிதாக ஒழுகுகிற எச்சில். அந்த எச்சில் பளபளக்க வேண்டும் என்பதற்காக வண்ணம் தொடாமல் வெள்ளைக் காகிதத்தை அப்படியே விட்டேன். அதற்கு எத்தனை காகிதம் பாழானது என்று கேட்காதீர்கள். கடைசியாக இந்த வருடத்தது, பெரிய படம், ஒரு படுக்கையறை.

மாட்டி முடித்து நாலடி பின்னால் வந்து நின்றேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. ஒரு பொம்மை மலையிலிருந்து ஒரு முழு அறை வரைக்கும் வந்திருக்கிறேன். என்னையே தட்டிக்கொடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போதுதான் லவுட்ஸ்பீக்கர் வந்தாள். இடமிருந்து வலமாகப் பார்த்தாள். வலமிருந்து இடமாகப் பார்த்தாள்.

"ஏய், இது எல்லாமே உங்கப்பாடி!"

"எதுடி?"

"எல்லாம்! மலைங்கறே, போர்வைக்குள்ள உங்கப்பா குறுக்கிப் படுத்திருக்காரு. கை தூங்குது, கால் தூங்குது, முதுகு தூங்குது. ஆறு வருஷமா மனுஷன் கண்ணே தொறக்கலடி!"

கண்காட்சிக் கூடம் முழுக்கக் கேட்டது. நாலு பேர் ஓடி வந்தார்கள். யாரோ "தூங்குமூஞ்சி கண்காட்சி" என்றான். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். ஆனால் அவள் சொன்னது அத்தனையும் உண்மை, எனக்கே அதுவரை தெரியாத உண்மை.

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் மறுநாள் அப்பா வருகிறார், எனக்குக் கடைசி வருடமாயிற்றே என்று.

அப்பா பள்ளிக்கு வந்தது ஒரே ஒரு தடவை. நான் எட்டாம் வகுப்பு, பெற்றோர் கூட்டம். வேலை முடிந்து நேராக வந்தவர், தலைமை ஆசிரியர் பேசப் பேச நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். குறட்டை மைக்கை மிஞ்சியது. மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அம்மா அவர் தொடையில் தட்டி எழுப்பியபோது, எல்லோரும் கைதட்டுகிறார்கள் என்று நினைத்து அவரும் ஒரு தடவை கைதட்டினார். எனக்கு அன்றைக்கு அழுகையாக வந்தது, அவருக்காக. வீட்டுக்கு வந்து, "இனிமே நீயே போயிட்டு வா, என்னால புள்ளைக்கு மானக்கேடு" என்று அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போவதில்லை. போனால் எங்காவது சாய்ந்துவிடுவோமோ என்று பயம்.

அன்று மாலை வீடு திரும்பினால் கதவைத் திறந்தது அப்பா. கண் முழித்து, தலை வாரி, கையில் இஸ்திரிப் பெட்டியோடு.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன! இன்னைக்கு லீவு போட்டுட்டேன். ராத்திரி எல்லாரையும் மாதிரி தூங்கப் போறேன். நாளைக்குப் பாரு, உங்கப்பன் எப்படி முழிச்சிக்கிட்டு நிக்கறான்னு. ஒரு கொட்டாவி விட்டேன்னா என் பேரை மாத்திக்கறேன்."

ஊர்ப்பட்ட விரிப்புக்கு இஸ்திரி போடுகிற மனுஷன், அன்றைக்குத் தன் சட்டைக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நான் என்னத்தைச் சொல்ல? "சரிப்பா" என்று பையை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் பள்ளிக்குப் போனேன். மிஸ் மேஜைக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், நான் படங்களை மாத்திக்கலாமா?"

"மாத்திக்கோ. வேற எதை வைக்கப் போறே?"

அலமாரியைக் குடைந்தேன். ஆப்பிள், வாழைப்பழம், கூஜா. வரையச் சொன்னார்களே என்று வரைந்தவை. எதிலும் உயிர் இல்லை, எனக்கே சகிக்கவில்லை. மிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் இஷ்டம்மா. ஆனா இதுங்களைப் பத்தி உனக்குப் பேச ஒண்ணுமிருக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மலையை மலை என்றே சொல்லிவிடலாம். கை யார் கையாகவும் இருக்கலாம். அறையும் அப்படித்தான், உலகத்தில் இல்லாத அறையா? முகம் ஒன்றுதான் காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கழற்றிப் பலகைக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். அதன் பெயர்ச்சீட்டு மட்டும் ஒட்டினபடியே நின்றது. பிய்த்தால் பலகையின் வண்ணமும் சேர்ந்து வந்தது.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். அப்பா நிஜமாகவே பளிச்சென்று இருந்தார். கண்ணை அகலமாகத் திறந்து வைத்திருந்தார், கொஞ்சம் அதிகமாகவே. அம்மா அவர் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆரம்பி பூனை" என்றார் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு.

"இது மலை. வெளிச்சம், நிழல் ரெண்டும் இதுலதான் புரிஞ்சுது."

அம்மா குனிந்து பார்த்தாள். "இது நம்ம நீலப் போர்வைடி. இந்தக் கிழிசலை நான்தானே தைச்சேன்?"

"அது... ஆறும்மா. மலையில ஆறு ஓடும்ல?"

"ஆறு இப்படியா தையல் போட்ட மாதிரி ஓடும்?"

நான் அவசரமாக அடுத்ததற்குத் தாவினேன். அப்பா வரவில்லை. கம்பிப் பாதத்தின் முன்னால் நின்றுவிட்டார். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற பாதம். அவர் தன் செருப்பைப் பார்த்தார். மறுபடியும் கம்பியைப் பார்த்தார். பிறகு முதுகு. பிறகு வெறும் இடம்.

"இங்க ஒண்ணைக் காணோமே?"

பலகைக்குப் பின்னாலிருந்து எடுத்து நீட்டினேன்.

தான் தூங்குவதை யாரும் பார்த்திருக்க முடியாதில்லையா? அப்பா தன் திறந்த வாயை, அந்த எச்சிலை, முதல் தடவையாகப் பார்த்தார். காதோரம் சிவந்துபோனது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

"சிரிக்கறதுக்காக வரையலப்பா. சத்தியமா."

அவர் படத்தை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடைசிப் படத்துக்குப் போனார், அந்த அறைக்கு. திரைச்சீலை, அதன் இடுக்கில் ஒரு கோடு வெயில், கட்டில், கட்டிலின்மேல் போர்வைக் குவியல். தன் அறை அவருக்குத் தெரியாதா? ஒவ்வொன்றாகப் பார்த்து, படத்தின் அடிப்பக்கத்துக்கு வந்தார்.

"இது என்ன, ரெண்டு மேடு?"

"என் முட்டிப்பா."

"உன் முட்டியா? நீ எங்க இருக்கே?"

"கதவுகிட்ட. தரையில. மடியில நோட்டு வச்சுக்கிட்டு."

"எப்ப?"

"ஸ்கூல் விட்டு வந்ததும். தினமும் அங்கதான்."

"ஹால்ல மேஜை இருக்கு, ஃபேன் இருக்கு. அதை விட்டுட்டுத் தரையில எதுக்கு?"

"சின்னதுல தனியா இருக்கப் பயமா இருக்கும்ப்பா."

"அப்போ என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்பணும்னு தோணல. நீங்க குறட்டை விடுவீங்கல்ல, அது கேட்டாப் போதும். பயம் போயிடும். அப்புறம் அதுவே பழகிடுச்சு."

அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை, இரண்டும்தான். அப்பா கட்டின கையை அவிழ்த்துவிட்டிருந்தார்.

"தினம் படுக்கறப்போ இதே நெனப்புதான்" என்றார், படத்தைப் பார்த்தபடியே. "புள்ள தனியா வரும், தானே சோறு போட்டுத் திங்கும், ஒரு வார்த்தை பேச ஆளிருக்காது, நான் இங்க கட்டை மாதிரிக் கிடப்பேனேன்னு. எத்தனையோ தடவை பகல் ஷிப்டு கேட்டுப் பாத்தேன், குடுக்கல. உன்னைத் தனியாவே வளத்துட்டேன்னு..." நிறுத்திக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். "நீ என்கூடவேதான் இருந்திருக்கே."

"ஆமாப்பா."

"நான்தான் பாக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பேர் மத்தியில், மார்க் போடுகிற மிஸ் எதிரில், நன்றாகவே அழுதேன். அப்பா என் கையிலிருந்த முகத்தை வாங்கி, அதன் இடத்தில் தானே மாட்டினார். கோணலாக இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டு, இடது ஓரத்தைக் கொஞ்சம் ஏற்றினார்.

அதற்குள் வேறு யாரோ ஒரு பையனின் பெற்றோர் எங்கள் பலகைக்கு வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, முகத்தருகில் நின்று, சிரித்தபடி என்னைக் கேட்டார்: "யாரும்மா இவரு? எல்லாத்துலயும் இப்படி அசந்து தூங்குறாரே!"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் தேடுவதற்குள் அப்பா ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தாங்க" என்றார். "பொண்ணு பக்கத்துலயே உக்காந்திருக்கா பாருங்க, அதான் அப்படித் தூக்கம் வருது."