வழியில் போகிறவளைக் கூப்பிடுவது

பிரிஸ்பேனில் எந்தத் தெருவில் திரும்பினாலும் கடைசியில் ஆறு வந்து எதிரில் நிற்கிறது. காலையிலிருந்து நடக்கிறேன், இதே ஆற்றை நாலைந்து இடத்தில் பார்த்துவிட்டேன். எங்கள் ஃபிஜியில் ஆறென்றால் ஒழுங்காகக் கடலைப் பார்த்துப் போய்ச் சேரும்.

எங்கள் சர்ச் பாட்டுக் குழு இங்கே போட்டிக்கு வந்தது. பாடி முடித்தாயிற்று. மற்றவர்கள் மலிவுத் துணிக்கடைக்குக் கிளம்ப, நான் மட்டும் வேறு பக்கம் திரும்பியதைப் பார்த்துக் குழுத் தலைவர் சைருசி மறித்தார்.

“கெலெரா, எங்க போற?”

“தங்கச்சியத் தேடி.”

“விலாசம் இருக்கா?”

“ஆத்துக்குத் தெக்கால, மேட்டுத் தெருவுல எங்கியோ பாத்ததா ஊர்க்காரங்க சொன்னாங்க.”

“நல்லா இருக்கு போ! நாலு மணிக்கு ஏர்போர்ட்டுக்கு பஸ். உனக்காக நிக்காது. நீ இல்லாட்டி பாட்டும் ஒண்ணும் கெட்டுப்போவாது, தெரிஞ்சுக்கோ.”

உனைசி எனக்கு ஒரே தங்கை. வேலைக்கென்று இங்கே வந்தவள், அம்மா இறந்ததிலிருந்து போனை எடுக்கவில்லை. பிறகு அந்த எண்ணே இல்லாமல் போனது. எங்கே, எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் மூன்று வருஷம். இன்று பார்க்காவிட்டால் இனி எப்போது? எனக்கு இந்த ஊருக்கு யார் டிக்கெட் எடுத்துத் தரப்போகிறார்கள்?

மேட்டுத் தெருக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. உயரமான தூண்கள் மேல் மர வீடுகள், நடைபாதை முழுக்க உதிர்ந்த ஊதாப் பூ. எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் முதலில் வணக்கம் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு “என்னது?” என்றாள். அவள் நாய்தான் வாலை ஆட்டி மரியாதை காட்டியது. செருப்பு வார் குதிகாலைத் தின்றது, வயிறு காய்ந்தது. இத்தனை வீடுகளில் ஏதோ ஒன்றில் அவள் தலை வாரிக்கொண்டிருப்பாள், எது என்று எனக்குத்தான் தெரியவில்லை. நடுத்தெருவில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும் போல இருந்தது.

மத்தியானம் சாய்ந்த நேரம், ஒரு வீட்டுக்கு அடியிலிருந்து தேங்காய்ப்பால் வாசனையோடு ஒரு குரல் வந்தது.

“வாங்க, சாப்பிடுங்க!”

“சாப்பிட்டாச்சு, ரொம்ப நன்றி!” என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

சாப்பிடும் இடத்தைக் கடந்து போகிற யாரையும் நாங்கள் கூப்பிடாமல் விடமாட்டோம். போகிறவர்களும் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் இதையே சொல்லிவிட்டு, தட்டுகளின் பக்கம் பார்க்காமல் போய்விடுவார்கள். பிறந்ததிலிருந்து பழகிய வாய், அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. மேடு ஏறி முடித்த பிறகுதான் உறைத்தது. இந்த ஊரில் வழியில் போகிறவளை யார் சாப்பிடக் கூப்பிடுவார்கள்? அதுவும் எங்கள் பேச்சில்! தலையில் அடித்துக்கொண்டு திரும்பி ஓடினேன்.

வீட்டுக்கடியில் தூண்களுக்கு நடுவே பாய் விரித்துச் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டவள் மெரெசேயினி என்ற பருத்த பெண்மணி. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னம்மா, சாப்பிட்டது அதுக்குள்ள செரிச்சிடுச்சா?”

எந்தத் தீவு என்று கேட்டாள், சொன்னேன். அவள் ஊர்க்காரர்களும் நாங்களும் ஒருவரையொருவர் எவ்வளவு வாரினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது முறை. விடுவாளா?

“அதானே பாத்தேன்! மீன் தலையத் திருடித் திங்கிற கூட்டம், மரியாதையா கூப்பிட்டா மட்டும் வராது!”

“நீங்க புடிச்சிருந்தாத்தான திருடறதுக்கு!” என்றேன். பிறகு மூச்சு வாங்க, உனைசியைத் தெரியுமா என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. மெரெசேயினி பாயில் ஒரு காலி இடத்தைக் காட்டினாள். அங்கே பாதி தின்ற தட்டு ஒன்று இருந்தது.

“இங்கதாம்மா உக்காந்திருந்தா. நீ பதில் சொன்ன பாரு, அந்தக் குரலக் கேட்டதும் எழுந்து மேல ஓடிட்டா.”

“ஏன்?”

“அம்மா சாவுக்கு வரல இல்ல? விசா முடிஞ்சு போச்சு, போனா திரும்ப விடமாட்டாங்க. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அக்காவப் பாக்கறதுன்னு எங்ககிட்ட எத்தன தடவ அழுதிருக்கா தெரியுமா?”

படியேறிப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

“திட்ட வரலடி. உன்னப் பாத்தாப் போதும்,” என்றேன்.

கதவு திறக்கவில்லை. இறங்கி வந்து அவள் இடத்திலேயே உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்து சேப்பங்கிழங்கை ஒரு வாய் எடுத்துக்கொண்டேன். தலைக்கு மேலே பலகைத் தரை கிறீச்சிட்டது. நடக்கிறாள், நிற்கிறாள், மறுபடி நடக்கிறாள். என் கைப்பேசி அடித்தது, சைருசிதான். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டேன்.

பலகையைப் பார்த்து முகத்தைத் தூக்கிக் கூப்பிட்டேன். “உனைசி! வா, சாப்பிடு!”

காலடி என் தலைக்கு நேர்மேலே வந்து நின்றது.

“சாப்பிட்டாச்சு… ரொம்ப நன்றி.”

மூன்று வருஷம் நான் ஏங்கிய குரல். வழியில் போகிற யாரோ ஒருத்தி போலச் சொன்னாள். வழியில் போகிறவளை நாங்கள் ஒரு தடவைதான் கூப்பிடுவோம். நான் மறுபடியும் கூப்பிட்டேன்.