கூட்ரோட்டுச் சாப்பாடு

உத்திரமேரூருக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டிப் பிரிகிற அந்தக் கூட்ரோட்டில் முன்பெல்லாம் ஒரு புளியமரமும் பஸ் நிற்கிற கல்லும் தவிர வேறொன்றும் இல்லை. சென்னைக்காரர்கள் சனி ஞாயிறுகளில் வந்து தங்குவதற்கென்று மூன்று ரிசார்ட்டுகள் அடுத்தடுத்து முளைத்த பிறகுதான் அந்த இடத்துக்கு உயிர் வந்தது. இளநீர்க் கடை, மீன் வறுவல் கடை, வேன் ஸ்டாண்டு, மேடை அலங்காரம் செய்கிறவர்கள், துணி வெளுத்துக் கொடுக்கிறவர்கள் என்று எல்லோரும் அந்த இரண்டு நாள் கூட்டத்தை நம்பித்தான் மீதி ஐந்து நாளையும் ஓட்டினார்கள். ஊர்த்தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் வீட்டுக்கு ஒருவராவது ரிசார்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வயல் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று நிலக்காரர்கள் சலித்துக்கொண்டாலும், அவர்கள் பிள்ளைகளே அங்கே வரவேற்பு மேஜையில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காலனியைச் சேர்ந்த தேவயானி பெரிய ரிசார்ட்டின் சமையலறையில் இருந்தாள். பாத்திரம் தேய்க்கப் போனவள். மாஸ்டர் ஒருவர் குடித்துவிட்டு வராமல் போன ஒரு கல்யாண நாளில் கரண்டியைக் கையில் எடுத்தாள். அதற்குப் பிறகு யாரும் அதைத் திரும்பக் கேட்கவில்லை. அவள் புருஷன் வேதகிரி வேன் ஓட்டினான். செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து ஆட்களை ஏற்றிவந்து ரிசார்ட்டில் இறக்குவான். வேடந்தாங்கலுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பறவை காட்டிவிட்டு வருவான். ஒரே பெண் கீர்த்தி, பத்தாவது.

கொரோனா என்று சொல்லி மார்ச் மாதக் கடைசியில் எல்லாவற்றையும் மூடினார்கள். முதலில் பத்துப் பதினைந்து நாள் என்று நினைத்து அனைவரும் ஓய்வெடுப்பது போலத்தான் இருந்தார்கள். சித்திரை பிறந்தபோது கூட்ரோட்டில் நாய்கள்கூட இல்லை. அவையும் ஓட்டல் எச்சிலை நம்பி வாழ்ந்தவை.

அப்போதுதான் ஒரு காலையில் பெருமாள் காலனிக்குள் வந்தார். கூட்ரோட்டில் டிபன் ஓட்டல் வைத்திருப்பவர், வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர், ஊர்த்தெருவில் நிலபுலன் உள்ள குடும்பம். இத்தனை வருஷத்தில் அவர் காலனிக்குள் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு தேவயானியின் வாசலுக்கு எதிரே வேப்பமர நிழலில் நின்றார்.

"ரிசார்ட் மேனேஜர்கிட்ட பேசிட்டேன் தேவயானி. பெரிய கிச்சனத் தொறந்து குடுக்கறேங்கறாரு. உள்ள அரிசி, பருப்பு, எண்ணெ எல்லாம் ஸ்டாக் அப்டியே கீது. கடைக்காரங்களும் ஆளுக்குக் கொஞ்சம் போடறாங்க. வயல்ல பாத்தியா, கத்திரிக்கா, பூசணி எல்லாம் பறிக்க ஆளில்லாம அழுவிப் போவுது. அத்த வாங்கிக்கினா அவங்களுக்கும் ஒரு ஆதரவு. ரிசார்ட்ல வேல போன பசங்களே காய் நறுக்கட்டும், வேன்ல எடுத்தும்போய்க் குடுக்கட்டும். ஒரு வேள சோறாவது எல்லாருக்கும் கெடைக்கும். சமைக்கத்தான் ஆளு வோணும்."

தேவயானி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"நான் சமைச்சா ஊர்ல துன்னுவாங்களாண்ணா?"

"உன் கை சாம்பாரத்தான் அவங்க வூட்டுக் கல்யாணத்துல ரெண்டாந்தரம் கேட்டு ஊத்திக்கினாங்க."

"அது அவங்களுக்குத் தெரியாது."

"இப்பத் தெரியட்டும்" என்றார் பெருமாள்.

மறுநாளே அடுப்பு எரிந்தது. ரிசார்ட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த முனியம்மாள் துணைக்கு வந்தாள். மேஜைக்குத் தட்டு எடுத்துப்போகிற பையன்கள் காய் நறுக்கப் பழகினார்கள். விற்காத தர்பூசணிகளை விவசாயிகள் டிராக்டரில் கொண்டுவந்து நீச்சல்குளத்தின் ஓரத்தில் குவித்தார்கள். குளத்தில் தண்ணீர் பச்சையாகிக் கிடந்தது.

முதல் சில நாட்கள் காலனிக்காரர்கள் மட்டும் வந்து வாங்கினார்கள். ஊர்த்தெருவுக்கு வேனில் போன சோறு பாதிக்குமேல் திரும்பி வந்தது. பெருமாள் மறுநாள் தன் வீட்டு டிபன் அடுக்கை எடுத்துவந்து எல்லோரும் பார்க்க வரிசையில் நின்று வாங்கிப்போனார். அந்த வாரமே ஊர்த்தெருப் பெண்கள் இரண்டு பேர் மூடி போட்ட தூக்குடன் வந்தார்கள். அப்புறம் வரிசை கேட்டைத் தாண்டிச் சாலைக்கு வளர்ந்தது. ஒருத்தி, "நேத்து ரசம் நல்லாருந்துச்சு" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தேவயானிக்குக் கால் வலி தெரியவில்லை.

ஆனால் ஸ்டாக் அறை காலியாகிக்கொண்டே வந்தது. ஆரம்பத்தில் தாராளமாகக் கொடுத்த கடைக்காரர்களே இப்போது வரிசையில் நின்றார்கள். சாம்பார் சோறு மோர்ச் சோறாகி, மோர்ச் சோறு கஞ்சியாயிற்று. சென்னையில் இருந்த ரிசார்ட் முதலாளிக்குப் பெருமாள் போன் போட்டுப் போட்டு ஓய்ந்தார்.

அந்தச் சமயத்தில் வேதகிரிக்கு அரிசி லோடு கிடைத்தது. வாலாஜாபாத் ரைஸ் மில்லிலிருந்து என்று சொன்னான். வேன் கண்ணாடியில் அனுமதிச் சீட்டை ஒட்டிக்கொண்டு விடிவதற்குள் கிளம்பிவிடுவான். திரும்பும்போது தக்காளியும் வெங்காயமுமாக இரண்டு மூன்று மூட்டை கொண்டுவந்து, தானே முதுகில் சுமந்து சமையலறைக்குள் இறக்குவான். கொஞ்சம் நசுங்கியிருக்கும், கொஞ்சம் வாடியிருக்கும்; சமையலுக்குக் குறை இல்லை. பெருமாளுக்கு வாயெல்லாம் பல். அவன் லோடு கூலியில் அரிசியும் வந்தது; கஞ்சி மறுபடியும் தக்காளிச் சோறாயிற்று.

மூன்றாம் முறை மூட்டையைப் பிரித்தபோது தேவயானி ஒரு தக்காளியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கெட்டித் தோல் பெங்களூர்த் தக்காளி. வாலாஜாபாத்தில் அப்போது எந்தக் கடையிலும் அது இல்லை. அன்று சாப்பிடும்போது கேட்டாள்.

"நீ எங்க போயிக்கினு வர்ற?"

அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

"மெட்ராஸ் மார்க்கெட்டுக்குத்தான். இங்கேர்ந்து காய் ஏத்திக்கினு போறேன். வரும்போது அவங்க கொட்டிட்டுப் போறத அள்ளிக்கினு வரேன். சொன்னா நீ வுட மாட்ட."

"அங்கதான அந்த நோவு கீதுன்னு டிவில சொல்லிக்கினே கீறான்."

"வாயக் கட்டிக்கினுதான் போறேன். வேன சும்மா நிறுத்தி வெச்சுட்டு இன்னா பண்ணச் சொல்ற? உன் அடுப்பும்தான் அதுல எரியுது."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பெருமாளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறுநாள் வரிசையில் நிற்கப்போகிற தூக்குகளையும் அடுக்குகளையும் நினைத்துக்கொண்டாள். எழுந்து அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

மே மாதத்து வெயிலில் ஒருநாள் வேதகிரி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிடந்தான். உடம்பு கொதித்தது. மல்லி வறுபடுகிற வாசனை தனக்குத் தெரியவில்லை என்றான். தேவயானி சமையலறைக்குப் போகாமல், கேட்டுக்கு வெளியே நின்று பெருமாளைக் கூப்பிட்டாள். எதையும் மறைக்கவில்லை. மார்க்கெட்டுக்குப் போனது, தனக்குத் தெரிந்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். பெருமாள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் கோபப்படவில்லை, முகம் வெளுத்துப்போயிற்று.

"சொன்னியே, அதுவே பெருசு" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுகாதார ஆய்வாளருக்குப் போன் போட்டார்.

அன்று மத்தியானத்துக்குள் சமையலறைக்குச் சீல் வைத்தார்கள். கொதித்துக்கொண்டிருந்த உலையைப் பாதியில் அணைத்தார்கள். காலனிக்குள் போகிற வழியைத் தகரம் அடித்து மறைத்தார்கள். கவச உடை போட்ட இரண்டு பேர் வந்து வேதகிரியை ஆம்புலன்ஸுக்கு நடத்திக்கொண்டு போனபோது தெருவில் எல்லா ஜன்னலும் மூடியிருந்தன. அவன் ஏறுமுன் திரும்பிக் கீர்த்தியைப் பார்த்து, "வேன் சாவி அலமாரி மேல கீது" என்றான். அவளுக்கு எதற்கு அதைச் சொன்னான் என்று தேவயானிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த சில நாட்களில் சளி எடுத்துப் பார்த்ததில் காலனியில் சில பேருக்கு இருந்தது. காய் நறுக்கிய பையன் ஒருவனுக்கு இருந்தது. தேவயானிக்கும் கீர்த்திக்கும் இல்லை. ஊர்த்தெருவில் ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் செத்துப்போனார். அவருக்குச் சோதனையே செய்யவில்லை. ஆனால் செய்தி தகரத்தைத் தாண்டி வந்தது: தேவயானி கைச் சோறுதான் அவரைக் கொண்டுபோயிற்று. சோற்றால் அது பரவாது என்று ஆய்வாளர் மைக் வைத்துச் சொல்லிப் பார்த்தார். கேட்டவர்கள் இல்லை. அவள் சமைத்ததைச் சாப்பிட்டதற்காக உள்ளுக்குள் கூசிக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அப்பவே வேணாம்னோம் என்று சொல்லாதவர் பாக்கி இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வேதகிரி தினமும் பேசினான். முதலில் நீளமாக, பிறகு இரண்டு வார்த்தை.

"துன்னியா?" என்று கேட்பாள்.

"ம்."

"இன்னா குடுத்தாங்க?"

"இட்லி. வெறப்பா கீது."

அப்புறம் போனை நர்ஸ் எடுத்தாள். அப்புறம் யாரோ ஒரு ஆண் குரல், உறவு என்ன என்று கேட்டது. உடலைத் தர மாட்டார்கள், அங்கேயே புதைத்துவிடுவார்கள் என்றது. தேவயானி தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மொகத்தையாவது ஒருவாட்டி காட்டுங்க சார்" என்றாள். அந்தக் குரல், பாவம், பார்க்கிறேன் என்றது. போனுக்குப் படம் ஒன்றும் வரவில்லை.

தகரத்தைப் பிரித்தபோது ஜூன் முடியும் தறுவாயில் இருந்தது. பெருமாள் மறுபடியும் வந்து அதே வேப்பமரத்தடியில் நின்றார். மெலிந்திருந்தார். சங்கத்தில் இருந்த மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

"மறுபடி ஆரம்பிக்கலாம். பசி எங்கயும் போவல. என் ஓட்டல் அடுப்பே போதும்."

"என்ன வுட்ருங்கண்ணா. வேற யாரையாவது வெச்சுக்கோங்க."

"நீ இல்லாம வேற ஆள வெச்சேன்னா, அவங்க சொன்னது நெசம்னு ஆயிடும்."

அவளுக்குப் போக மனமில்லை. வீட்டில் இருக்கவும் முடியவில்லை. போனாள்.

பெருமாள் தன் வீட்டிலிருந்து எடுத்துவந்த அரிசி. கத்திரிக்காயும் பூசணியும் போட்டு ஒரு பெரிய அண்டா நிறையச் சாம்பார் சோறு கிளறினாள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் சொல்லச் செய்திருந்தார் பெருமாள். உச்சி வெயில் ஏறியது. ஓட்டல் முன்னால் சுண்ணாம்பில் போட்ட வட்டங்கள் அப்படியே இருந்தன. ஒன்றிலும் ஆள் நிற்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் இளநீர்க் கடைக்காரர் வெறும் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் அவர் வீட்டில் உலை வைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவரும் எழுந்து வரவில்லை.

கடைசியில் முனியம்மாள் வந்தாள். கையில் தூக்கு இல்லை. வாசலுக்கு வராமல் சாலையோரமாகவே நின்றாள்.

"மருமவ வேணாங்கறாடி. கைக்கொயந்த கீது வூட்ல. நீ தப்பா நெனச்சுக்காத."

"நான் இன்னா நெனக்கப் போறேன். போக்கா, வெயில்ல நிக்காத."

முனியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"செங்கச் சூளைக்கு எடுத்தும்போலாம்" என்றார் பெருமாள். "ஒடியாக்காரங்க கீறாங்க. ஓனர் அவங்கள அப்டியே வுட்டுட்டுப் பூட்டானாம்."

வேதகிரியின் வேனில்தான் அண்டாவை ஏற்றினார்கள். பெருமாளே ஓட்டினார். தேவயானி பின்னால் அண்டாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சொல்லிவிட்டுத்தான் போடவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். என் வீட்டுக்காரர் இந்த நோயில்தான் போனார், எனக்கு இல்லை, வேண்டுமென்றால் சாப்பிடுங்கள். அதை அவர்கள் பாஷையில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. சூளையில் யாரும் இல்லை. தகரக் கொட்டகைகள் திறந்து கிடந்தன. ஒரு கொட்டகையில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு. அடுப்புக் கல்லில் பழைய சாம்பல். அறுத்து அடுக்கிச் சுடாமல் விட்ட பச்சைக் கற்கள் கோடை மழையில் கரைந்து மண்ணாகியிருந்தன. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தூரத்திலிருந்தே சொன்னார்: "அவங்க நடந்தே பூட்டாங்க. ரொம்ப நாளாச்சே."

பெருமாள் வேன் படியில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஒரு எலை போடு" என்றார்.

தேவயானி அண்டாவை மூடியிருந்த இலை ஒன்றை எடுத்து அவர் முன்னால் விரித்துச் சோறு வைத்தாள். அவர் சாப்பிட ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, "நீயும் போட்டுக்கோ" என்றார். அவளும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். ருசி நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பேர் எவ்வளவு சாப்பிட முடியும்? அண்டாவில் எடுத்த பள்ளமே தெரியவில்லை. மீதியைச் சூளைப் பள்ளத்தில் கொட்டி மேலே மண்ணைத் தள்ளினார்கள். மண் தள்ளும்போதுதான் அவள் அழுதாள். புருஷனைப் புதைத்தபோது அழ அவளுக்கு இடம் கொடுக்கவில்லையே.

பெருமாள் ஓட்டலைத் திறக்கவே இல்லை. தன் அண்ணனின் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு அடங்கிவிட்டார். எதிரே பார்த்தால் நின்று, "பொண்ணு படிக்குதா?" என்று கேட்பார். வேன் யாரோ ஒருவருக்கு விலைக்குப் போயிற்று. மறு வருஷம் ரிசார்ட்டைத் திறந்தபோது சமையலறைக்கும் துப்புரவுக்கும் வெளியூர் காண்டிராக்டர் ஆட்களைக் கூட்டி வந்தார். அவர்கள் வேனில் வந்து வேனில் போனார்கள். சனி ஞாயிறுகளில் பாட்டுச் சத்தம் ஏரிவரை கேட்டது. ஊர்க்காரர்கள் கேட்டருகே போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

தேவயானி நூறு நாள் வேலைக்குப் போகிறாள். ஏரியில் மண் வெட்டிக் கரை கட்டுகிற வேலை. மத்தியானம் பெண்கள் கருவேல மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து டப்பாக்களைத் திறப்பார்கள். ஒருத்தி குழம்பை இன்னொருத்தி வாங்கி ஊற்றிக்கொள்வாள். யாரும் அவளை எதுவும் சொல்வதில்லை. இப்போதெல்லாம் பழைய பேச்சுகூட எடுப்பதில்லை. ஆனாலும் சாப்பாட்டு நேரம் வந்ததும் அவள் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு கரைக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். அவர்கள் நகர்ந்து உட்காருவதற்கு முன்னால் தானே நகர்ந்துவிட அவள் பழகியிருக்கிறாள்.